கிறிஸ்தவ ஊழியக்காரர்களைத் தலைமேல தூக்கி வெச்சுக் கொண்டாடறதுல என்ன ஆபத்து?

நீங்க வருஷக்கணக்கா கேட்டுட்டு வந்த ஒரு ஊழியக்காரரைப் பத்தி மோசமான செய்தி வந்திருக்கு, இனிமே எந்த மேடையையும் நம்ப முடியலைன்னு எழுதியிருக்கீங்க. இங்க வந்த பதில்ல முக்காவாசி "மனுஷனைப் பாக்காதீங்க, இயேசுவைப் பாருங்க"ன்னு முடிஞ்சிடுது. அது சத்தியம்தான், நானும் அப்படித்தான் விசுவாசிக்கறேன். ஆனா அதே ஒரு வரியைச் சொல்லியே எங்க சபையில வாயடைச்சதைக் கண்ணால பாத்தவ நான், அதனால கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறேன்.

நான் டெல்லி. அப்பா சென்ட்ரல் கவர்மென்ட், ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ்ல வளந்தோம். எங்க தமிழ் சபைக்குன்னு சொந்தக் கட்டடம் கிடையாது, இந்தி ஆராதனை முடிஞ்சு அவங்க வெளிய வரவர நாங்க பாட்டுப் புத்தகத்தோட உள்ள போவோம். அப்படி ஒரு மூலையில இருக்கற எங்களுக்கு உலகம் சுத்திப் பிரசங்கம் பண்ணின ரவி சகரியாஸ்னா எவ்வளவு பெருமைன்னு உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்கறது கஷ்டம். 1946ல மெட்ராஸ்ல பிறந்தவர், வளந்தது இதே டெல்லி, 17 வயசுல உயிரை விடப் பாத்து ஆஸ்பத்திரியில கிடந்தப்ப யோவான் 14ஆம் அதிகாரத்தைக் கேட்டுத்தான் விசுவாசத்துக்கு வந்தாரு, அப்புறம் உலகத்துல இருக்கற பெரிய பெரிய யுனிவர்சிட்டியில எல்லாம் நின்னு நாத்திகர்களுக்குப் பதில் சொன்னாரு. எங்க யூத் ஃபெல்லோஷிப்ல அவர் வீடியோ போடாத மாசமே இருக்காது. 2020 மே 19 அவர் இறந்தப்ப லாக்டவுன், எல்லாரும் வீட்ல உக்காந்து நினைவு ஆராதனையை நெட்ல பாத்தோம், அமெரிக்க துணை ஜனாதிபதி மைக் பென்ஸ் எல்லாம் பேசினாரு.

அந்த செப்டம்பர்லயே அமெரிக்காவுல ஒரு கிறிஸ்தவப் பத்திரிகை (அவிசுவாசிகள் பத்திரிகை இல்லை, நல்லா கவனிங்க) செய்தி போட்டுச்சு. அவர் பங்குதாரரா இருந்த மசாஜ் ஸ்பாவுல வேலை செஞ்ச பெண்கள் அவர்மேல புகார் சொல்றாங்கன்னு. நான் அதை எங்க ஃபெல்லோஷிப் வாட்ஸப் குரூப்ல போட்டேன். "இதையும் படிங்க, ஜெபத்துல வெச்சுக்குவோம்", அவ்வளவுதான் எழுதினேன். பத்து நிமிஷம் ஆகலை, குரூப்பை நடத்தற அண்ணன் ஒரே ஒரு வசனம் அனுப்பினாரு, "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்". அப்புறம் இன்னொரு அங்கிள், "செத்தவரைப் பத்திப் பேசற பொம்பளப் பிள்ளைக்கு வீட்ல வேலை இல்லையா"ன்னு. ராத்திரி பாத்தா என்னை குரூப்லருந்து எடுத்துட்டாங்க.

2021 பிப்ரவரியில விசாரணை அறிக்கை வந்துச்சு. அவரோட சொந்த அமைப்பே வக்கீல் கம்பெனி வெச்சு விசாரிச்சது. அவர் போன்கள்ல 200க்கு மேல மசாஜ் தெரபிஸ்ட் நம்பர் இருந்ததும், பெண்களை மிஸ்யூஸ் பண்ணினதும் அதுல இருக்கு. 2017லயே புகார் சொன்ன ஒரு கனடா பெண்மேல அவர் கேஸ் போட்டு, வெளிய பேசக்கூடாதுன்னு ஒப்பந்தம் போட வெச்சிருந்தாரு, அந்தம்மா சொன்னது உண்மைன்னு அமைப்பு அப்பத்தான் ஒத்துக்கிட்டுச்சு. இதெல்லாத்தையும் விட என்னைத் தூங்கவிடாம பண்ணினது ஒண்ணு இருக்கு. நடந்ததை வெளிய சொன்னா, என் பேர் கெட்டு லட்சக்கணக்கான ஆத்துமாக்கள் ரட்சிப்பை இழக்கறதுக்கு நீதான் பொறுப்புன்னு அவர் எச்சரிச்சதா ஒரு பெண் சாட்சி சொல்லியிருக்கா.

இங்கதான் உங்க கேள்விக்குப் பதில் இருக்கு. அந்த வார்த்தையில இருந்த பலத்தை அவருக்குக் குடுத்தது யாரு? நம்மளை மாதிரி உக்காந்து கேட்டவங்கதான். நாம அவரை அவ்வளவு உயரத்துல வெச்சதாலதான் அந்தப் பொண்ணு "ஆமா, நான் பேசினா இத்தனை பேர் விழுந்துடுவாங்க"ன்னு நம்பியிருப்பா. தலைவர் விழுந்தா நமக்கு மனசு உடையும், சரி, ஆறிடும். நாம கொண்டாடற சத்தத்துல பேச முடியாமப் போறவங்களுக்குத்தான் நிஜமான சேதம்.

அறிக்கை வந்த வாரம் எங்க சபைப் பொண்ணு ஒருத்தி எனக்கு போன் பண்ணினா. காலேஜ் படிக்கற பொண்ணு, கொயர்ல பாடுவா. "அக்கா, நீங்க குரூப்ல போட்டதுனாலதான் உங்ககிட்ட சொல்றேன்"னு ஆரம்பிச்சா. வருஷாவருஷம் கன்வென்ஷனுக்கு தமிழ்நாட்டுலருந்து வர்ற ஒரு ஊழியக்காரர், தனியா ஜெபிக்கணும்னு கூப்பிட்டு கையைப் பிடிச்சு விடாம வெச்சிருந்திருக்காரு, அப்புறம் ராத்திரி ராத்திரி மெசேஜ். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினா. முதல் வரி "கர்த்தர் உன்னை எனக்குக் காண்பித்தார்". அவ அதை ஏற்கனவே கமிட்டியில ஒருத்தர்கிட்ட சொல்லியிருக்கா, அவர் சொன்ன பதில், "மனுஷனைப் பாக்காதேம்மா, இயேசுவைப் பாரு".

நானும் அவ அம்மாவும் கமிட்டி முன்னாடி போய் உக்காந்தோம். மறுபடியும் அதே அபிஷேக வசனம். நான் சங்கீதம் 105ஐத் திறந்து மேல இருக்கற வசனங்களையும் வாசிச்சேன். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பம், கொஞ்சம் பேரா, சொந்த நிலம் இல்லாம நாடு நாடா அலைஞ்சப்ப அவங்களுக்குத் தீங்கு செய்யாதீங்கன்னு கர்த்தர் ராஜாக்களைக் கண்டிக்கற இடம் அது. ஆதரவில்லாதவங்களைக் காப்பாத்த சொன்ன வசனம், அதை மேடையில நிக்கறவருக்கு வேலியா போட்டு அந்தப் பொண்ணை வெளிய நிறுத்தறோம். 1 தீமோத்தேயு 5லயும் ரெண்டு மூணு சாட்சி இருந்தா மூப்பர்மேல வர்ற புகாரை எடுக்கணும், பாவம் செஞ்சவரை எல்லாருக்கும் முன்னாடி கண்டிக்கணும்னு பவுல் எழுதியிருக்காரே. யாரும் பதில் பேசலை. அடுத்த வருஷம் அந்த ஊழியக்காரரைக் கூப்பிடலை, மினிட்ஸ்ல "டேட்ஸ் கிடைக்கவில்லை"ன்னு எழுதினாங்க. அவர் இன்னும் வேற ஊர்ல பேசிட்டுத்தான் இருக்காரு.

கன்வென்ஷன்னு சொன்னதும் இதையும் சொல்லிடறேன், சம்பந்தமில்லைன்னா தாண்டிப் போங்க. அப்படி வர்றவங்க நம்ம பேரைக் கேட்டதும் அடுத்த கேள்வி "சொந்த ஊர் எது? தாத்தா எந்தச் சபை?"ன்னுதான் கேப்பாங்க. டெல்லியில பிறந்த பிள்ளைங்க கிட்டயும் அதே கேள்வி. எதுக்குக் கேக்கறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். மேடையில கிறிஸ்துவுக்குள்ள எல்லாரும் ஒண்ணு, சாப்பாட்டுப் பந்தியில சாதி விசாரணை. எங்கப்பா சாகற வரைக்கும் இதுக்கு மனசு நொந்தாரு.

நாட்டுல இப்ப இருக்கற நிலைமையில சபைக்கு எதிரா நீயே கத்தி எடுத்துக் குடுக்கறியான்னு சிலர் கேப்பீங்க. அந்தப் பயம் எனக்கும் இருக்கு, நானும் இதே ஊர்லதான் சர்ச்சுக்குப் போறேன். ஆனா மூடி வெச்சு நல்ல பேர் வந்ததா ஒரு இடம் காட்டுங்க. ஊனமுற்றவங்களோட வாழ்ந்த ழான் வானியேவை உயிரோட இருக்கும்போதே புனிதர்னாங்க, 2019ல இறந்தாரு, ஊனமுற்றவங்களுக்கு இல்லங்கள் நடத்தற அவரோட லார்ஷ் அமைப்பே விசாரிக்க வெச்சு 2023ல வந்த அறிக்கையில அவர் குறைஞ்சது 25 பெண்களை மிஸ்யூஸ் பண்ணினதா இருக்கு. தாங்களே விசாரிக்க வெச்சு தாங்களே வெளியிட்டாங்க, இன்னைக்கும் அந்த இல்லங்கள் நடக்குது. நல்ல போதகர்கள் நிறைய பேர் இருக்காங்க, எங்க இப்போதைய ஐயா உள்பட, அவங்களை நான் சொல்லலை.

நீங்க விசுவாசத்துல இருக்கறதா வேண்டாமான்னு இந்த வாரமே முடிவு பண்ண வேண்டியதில்லை. உங்க ஊழியக்காரர் விஷயத்துல புகார் சொன்னவங்க யாராவது உங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருந்தா முதல்ல அவங்களுக்கு ஒரு போன் பண்ணுங்க, உபதேசம் பண்ணாம கேளுங்க. மெசேஜ் எதையும் அழிக்க வேண்டாம்னு சொல்லுங்க. பாதிக்கப்பட்டவங்க 18 வயசுக்குக் கீழன்னா 2012 போக்சோ சட்டப்படி விஷயம் தெரிஞ்ச யாரா இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆகணும், கமிட்டி பேசி முடிக்கற விஷயம் இல்லை அது. எங்க சபை எதுன்னு மட்டும் கமெண்ட்ல கேக்காதீங்க, அந்தப் பொண்ணு வேண்டாம்னு சொல்லியிருக்கா.