சென்னை–ஃபிராங்ஃபர்ட் ஃபிளைட் லேட்டானா 600 யூரோ கெடைக்குமா?

தம்பி, அக்டோபர்ல படிக்க ஜெர்மனி வர்றேன், நேரா ஃபிராங்ஃபர்ட் போற லுஃப்தான்சாவ விட துபாய் வழி டிக்கெட் கம்மியா இருக்கு, எதப் போடலாம், லேட்டானா 600 யூரோ தருவாங்களாமேன்னு கேட்டிருந்தீங்க. 600 யூரோ நெசம்தான், ஆனா எந்தப் பக்கம் பறக்குறீங்க, யாரு ஓட்டுற விமானம், இந்த ரெண்டுதான் அதத் தீர்மானிக்கும்.

ஐரோப்பிய யூனியன்ல 261ன்னு ஒரு சட்டம், 2004ல போட்டது. அங்கேர்ந்து கெளம்புற ஃபிளைட்னா ஏர் இந்தியாவா இருந்தாலும் எமிரேட்ஸா இருந்தாலும் செல்லும். வெளியிலேர்ந்து உள்ள வர்றப்ப லுஃப்தான்சா மாதிரி ஐரோப்பிய கம்பெனி ஓட்டுனாத்தான். அதனால சென்னைலேர்ந்து கல்ஃப் கம்பெனில ஏறி துபாய்ல ராத்திரி பூரா உக்காந்தாலும் இந்தச் சட்டத்துல ஒரு பைசா கேக்க முடியாது. அதே கம்பெனில லீவுக்கு ஊருக்குத் திரும்புறப்ப ஃபிராங்ஃபர்ட்லயே லேட்டாகி துபாய்ல கனெக்ஷன் போச்சுன்னா கேக்கலாம், ஆனா மொத்தமும் ஒரே புக்கிங்கா இருக்கணும். மலிவுன்னு ரெண்டு டிக்கெட்டா பிரிச்சு எடுத்து மொதல் ஃபிளைட் லேட்டாச்சுன்னா ரெண்டாவது கம்பெனிக்காரன் நீ யாருன்னுதான் கேப்பான், புது டிக்கெட் உங்க காசுதான்.

கடைசியா போய்ச் சேர்ற ஊர்ல விமானக் கதவு தொறக்குற நேரம்தான் கணக்கு. அது 3 மணி நேரமோ அதுக்கு மேலயோ லேட்டா இருக்கணும். நம்ம ரூட் 3500 கிலோமீட்டருக்கு மேலங்கறதால 600, ஆனா 4 மணி நேரத்துக்குள்ள வந்துட்டா பாதியாக் கொறைச்சு 300 தரலாம்.

புயல், பனிமூட்டம், ஏர் டிராஃபிக் பிரச்சனைன்னா காசு கெடையாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு சென்னை ஏர்போர்ட்டையே மூடுனாங்க, போகி அன்னைக்குப் புகையால லேட்டாகுறது உங்களுக்கே தெரியும், அதுக்கெல்லாம் யாரு மேல கேஸ் போடுறது! ஆனா சட்டம் செல்லுற ஃபிளைட்னா மழையோ புயலோ சாப்பாடும், ராத்திரி தங்கணும்னா ஹோட்டலும் அவங்க பொறுப்பு, கவுண்டர்ல கேட்டு வாங்குங்க, தரலன்னா நீங்களே நியாயமான செலவா பண்ணிட்டு பில்ல வச்சுக்கங்க.

டெக்னிக்கல் கோளாறுன்னு சொன்னா பெரும்பாலும் அது சாக்குதான், ஐரோப்பிய கோர்ட் 2008லயே அது மட்டும் காரணம் ஆகாதுன்னு சொல்லிடுச்சு. எனக்கும் ஒரு கம்பெனி இதே பதில அனுப்புச்சு, ஷ்லிஷ்டுங்ஸ்ஷ்டெல்லன்னு இங்க ஜெர்மனில சமரச அமைப்பு இருக்கு, நமக்குச் செலவு இல்ல, அங்க எழுதிப் போட்டேன், மாசக்கணக்குல இழுத்தாலும் காசு வந்துச்சு. நமக்காகக் கேட்டு வாங்கித் தர்ற கிளெய்ம் ஏஜென்சிகிட்ட மொதல்லயே போகாதீங்க, கணிசமா புடிச்சுக்குவாங்க. வவுச்சர நீட்டுனா கையெழுத்து போடாம பேங்க்ல போடச் சொல்லுங்க. காசு கேக்க ஜெர்மனில 3 வருஷம் டைம், அதுவும் ஃபிளைட் லேட்டான வருஷத்தோட கடைசிலேர்ந்து கணக்கு, அவசரமில்ல, போர்டிங் பாஸ மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க.

எதப் போடலாம்னா, யுனிவர்சிட்டி சேர்க்கைக்கு ரெண்டு மூணு நாள்தான் இருக்குன்னா நேர் ஃபிளைட், ஒரு வாரம் முன்னாடியே வர்றீங்கன்னா துபாய் வழி தாராளமா போடுங்க, நடுவுல 3 மணி நேரமாவது இருக்குற மாதிரி பாத்துக்கங்க. 600 யூரோவ நம்பி யாரும் டிக்கெட் எடுக்க மாட்டாங்க.

பெட்டி வரலன்னா வெளிய வர்றதுக்கு முன்னாடியே பேக்கேஜ் கவுண்டர்ல ரிப்போர்ட் நம்பர் வாங்கிடுங்க. இதுக்குச் செல்றது 261 இல்ல, மான்ட்ரியல் ஒப்பந்தம்னு விமானப் பயணத்துக்கான சர்வதேச ஒப்பந்தம், இந்தியாவும் அதுல இருக்கு, அதனால எந்தக் கம்பெனியா இருந்தாலும் அவசரத்துக்கு வாங்குன துணிமணி, ஜாக்கெட் பில்லக் கேக்கலாம், பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள்ள எழுத்துல குடுத்துடணும்.