காயம் ஆறிவிட்டது, மனம் தயங்குகிறது: கேள்வி பதில்

கேள்வி (குடியாத்தம், கபடி வீரர்): முழங்காலில் ஏ.சி.எல். ஜவ்வு அறுவை சிகிச்சை முடிந்து பத்து மாதங்கள் ஆகின்றன. ஆடலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் ரெய்டு போகும்போது கால் தானாகப் பின்வாங்குகிறது. நான் கோழையாகிவிட்டேனா?

பதில்: இல்லை. ஜவ்வு ஆறுவதும் மனம் துணிவதும் ஒரே நாளில் நடப்பவை அல்ல. 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்றின்படி, இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் ஏதேனும் ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 விழுக்காட்டினர். பழைய ஆட்டத் தரத்தை எட்டியவர்களோ 65 விழுக்காட்டினர்தான். மீண்டும் அடிபட்டுவிடுமோ என்ற அச்சம் இந்த இடைவெளிக்கு ஒரு முக்கியக் காரணம்.

பொதுவாகப் பயம் என்று சொல்லாமல், எந்த அசைவில் கால் கூசுகிறது என்று பாருங்கள். போனஸ் கோட்டில் கால் நீட்டித் திரும்பும்போதா, கணுக்காலைப் பிடித்து இழுக்கும்போதா? பிடியில்தான் என்றால், முதலில் ஒரே ஒருவர், முன்கூட்டியே சொல்லிவிட்டு, மெதுவாகப் பிடிக்கட்டும், அது பழகியபின் சொல்லாமல் பிடிக்கட்டும், பிறகு இருவர், அதன் பிறகே பயிற்சி ஆட்டம். ஒவ்வொரு படியிலும் அச்சத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று குறித்துவைத்து, அது நன்றாகக் குறைந்தபின் அடுத்த படிக்குச் செல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரேயடியாக இறங்கினால் கவனமெல்லாம் முழங்காலிலேயே இருக்கும். எதிராளி கண்ணில் படமாட்டார்.

கேள்வி (காட்பாடி, ஒரு தந்தை): என் மகளுக்கும் அதே அறுவை சிகிச்சைதான், ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவளுக்குப் பயமே இல்லை. கைப்பந்துப் போட்டிக்கு அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். பயமின்மையும் தகுதியும் ஒன்றல்ல. ஒன்பதாம் மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாய வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது என்று 2016இல் நார்வே ஆய்வு ஒன்று காட்டியது.

கேள்வி (வாலாஜா, கல்லூரி மாணவி): மனத்தின் தயார்நிலையை அளக்க முடியுமா?

பதில்: ஏ.சி.எல்.-ஆர்.எஸ்.ஐ. என்ற 12 வினாக்கள் கொண்ட அளவுகோல் 2008 முதல் உள்ளது. ஒரு முறை பெறும் மதிப்பெண்ணைவிட, அது மாதந்தோறும் ஏறுகிறதா என்பதே முக்கியம்.

கேள்வி (ஆற்காடு, பயிற்சியாளர்): நம் சத்துவாச்சாரிப் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் தொடைக் காயத்தோடு 2018 காமன்வெல்த்தில் தங்கம் வென்றதைச் சொல்லி மாணவர்களை ஊக்குவிக்கிறேன். சரிதானே?

பதில்: வேலூர் மாவட்டத்துக்கே பெருமைதான். ஆனால் பதக்க நம்பிக்கையையே இழந்திருந்ததாக அவரே அப்போது சொன்னார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதிர்ந்த பளுதூக்கும் வீரரின் முடிவு பள்ளி மாணவனுக்கு அளவுகோல் ஆகாது. "பயப்படாதே" என்பதை விட்டு, "எந்த இடத்தில் பயமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். காயம்பட்ட பையனை வீட்டில் உட்கார வைக்காமல், ஸ்கோர் எழுதவாவது மைதானத்துக்கு வரச்சொல்லுங்கள்.