ரப்பர் பூச்சும் படிகச் சவ்வும்: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நுண்துளைப் படிகமான ஜியோலைட்டால் ஆன, வாயுக்களைப் பிரிக்கும் மெல்லிய சவ்வுகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், சவ்வில் விழும் வெடிப்புகளைச் சிலிகோன் ரப்பர் பூசிச் சரிசெய்வதுண்டு என்று ஒரு வரி இருந்தது. நான் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவன். பாபநாசத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலம், இரண்டு மாடுகள், ஒரு சாண எரிவாயுக் கலம் என்று இருக்கிறேன். கரியமில வாயுவையும் மீத்தேனையும் பிரிப்பதில் சிலிகோன் ரப்பர் மட்டமானது. அதைப் பூசினால் பிரிப்பு எப்படி மேம்படும்? வரப்பில் நண்டு வளையைச் சேறு வைத்து அடைப்பது போன்றதுதானா? இந்தச் சவ்வு என் கலத்து வாயுவைச் சுத்தப்படுத்த உதவுமா?

ஒரு வாசகர், பாபநாசம்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொன்ன உவமை பெருமளவு பொருந்துகிறது. அடைக்கும் பொருள் பிரிக்க வேண்டியதில்லை, தடுத்தால் போதும். கணக்குப் போட்டால் இது தெளிவாகும். ஒரு நல்ல சவ்வின் வழியே கரியமில வாயு 100 பங்கும் மீத்தேன் 1 பங்கும் செல்வதாக வைத்துக்கொள்வோம். பரப்பில் மிகச் சிறிய ஒரு வெடிப்பு விழுந்து, அதன் வழியே இரண்டு வாயுக்களும் 5 பங்கு வீதம் கூடுதலாகக் கசிந்தால், விகிதம் 105க்கு 6 என்றாகி, நூறாக இருந்த பிரிதிறன் பதினேழரைக்குச் சரிகிறது. கரியமில வாயுவின் ஓட்டம் 5 விழுக்காடுதான் கூடியது. மீத்தேனோ ஆறு மடங்காகிவிட்டது. ரப்பர் அந்த வெடிப்பை நிரப்பி, கசிவை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால், பிரிதிறன் மறுபடியும் 99.5க்கு வந்துவிடும். ரப்பரின் சொந்தப் பிரிதிறன் மூன்றை ஒட்டியதுதான் என்பது இந்தக் கணக்கில் நுழையவே இல்லை. 1980ஐ ஒட்டி மான்சாண்டோ நிறுவனத்தில் ஹெனிஸும் டிரிபோடியும் பாலிசல்ஃபோன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன சவ்வுகளுக்குச் செய்தது இதைத்தான்.

ஆனால் பாலிசல்ஃபோனுக்குப் பொருந்தியது ஜியோலைட்டுக்கு அப்படியே பொருந்துவதில்லை. பாலிசல்ஃபோனில் வாயு மெதுவாகவே ஊடுருவுவதால் மேலே ஒரு ரப்பர் படலம் இருப்பது அதற்குச் சுமையாவதில்லை. ஜியோலைட்டின் பெருமையே அதன் வேகமான ஓட்டம் என்பதால், முழுப் பரப்பையும் மூடும் பூச்சு அந்த வேகத்தைத் தின்றுவிடும். அத்துடன், பல நூறு டிகிரி வெப்பத்தைத் தாங்கும் படிகத்தின் மேல், 250 டிகிரியை ஒட்டிச் சிதையத் தொடங்கும் ரப்பரைப் பூசுவது, அந்தச் சவ்வைத் தேர்ந்தெடுத்த காரணத்தையே கைவிடுவதாகும். என் பார்வையில் இது ஆய்வகத்தில் நல்ல எண்ணைக் காட்டுவதற்கு எளிய வழி, ஆலைக்கு அரைகுறை வழி.

வெடிப்பில் மட்டும் போய் உட்கார்ந்து, படிகத்தின் துளைகளுக்குள் நுழைய முடியாத மூலக்கூறைத் தேர்ந்தெடுப்பதே எனக்கு உவப்பான தீர்வு. எஸ்ஏபிஓ-34 என்ற ஜியோலைட் வகைப் படிகத்தில் துளையின் அகலம் 0.38 நானோமீட்டர்; கரியமில வாயு மூலக்கூறு 0.33, மீத்தேன் 0.38. பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற சர்க்கரை வளையத்தின் வெளிவிட்டமோ ஒன்றரை நானோமீட்டர் அளவு. அது படிகத்துக்குள் போக வழியில்லை, அகன்ற இடைவெளிகளில் தங்கிவிடும். சவ்வின் இரு பக்கங்களிலிருந்தும் இரு வேதிப்பொருள்களை அனுப்பி, அவை வெடிப்புக்குள் சந்திக்கும் இடத்தில் மட்டும் சிலிக்கா படியச் செய்யும் முறையும் உண்டு.

எதை அடைக்கிறோம் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அகன்ற வெடிப்பில் அழுத்தத்தைக் கூட்டினால் ஊடுருவுதிறனும் (ஓர் அலகு அழுத்தத்துக்குச் செல்லும் வாயுவின் அளவு) கூடும். நுண்ணிய இடைவெளியில் அப்படிக் கூடாது, ஆனால் அங்கே எடை குறைந்த மீத்தேன் கரியமில வாயுவைவிட 1.66 மடங்கு வேகமாக ஓடும். அதாவது கசிவு தவறான வாயுவுக்கே சாதகமாகிறது. இரண்டையும் சோதிக்காமல் "சீர்செய்துவிட்டோம்" என்பவர்களை நான் நம்புவதில்லை.

வெடிப்பே விழாமல் செய்வதும் ஒரு வழி. படிகம் வளர உதவிய கரிம மூலக்கூறை எரித்து வெளியேற்றும்போது, படிகமும் அதைத் தாங்கும் தளமும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால்தான் பெரும்பாலான வெடிப்புகள் வருகின்றன என்பதால், மிக மெதுவாகச் சூடேற்ற வேண்டும் என்பது மரபு. 2009இல் மினசோட்டாவில் சாபட்சிஸ் குழுவினர் இதற்கு நேர்மாறாக மிக விரைவாகச் சூடேற்றி, அண்டைப் படிகங்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணையக் கண்டார்கள். 2025இல் வேதியியல் நோபலைப் பெற்றுத் தந்த உலோக-கரிமச் சட்டகங்கள், உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்த நுண்துளைப் பொருள்கள். அவற்றில் உள்ள குறை வேறு வகை: சட்டகத்தில் ஓர் இணைப்பு மூலக்கூறு விடுபட்டிருக்கும். அதை அதே மூலக்கூறின் கரைசலில் ஊறவைத்து ஈடுசெய்யலாம். சில பயன்பாடுகளுக்கு அந்தக் குறையை வேண்டுமென்றே உண்டாக்குவதும் உண்டு.

இனி உங்கள் கலம். சாண எரிவாயுவில் ஏறத்தாழ 55 முதல் 65 விழுக்காடு மீத்தேன். மிச்சத்தில் பெரும்பகுதி கரியமில வாயு, அத்துடன் சிறிது ஹைட்ரஜன் சல்ஃபைடும் நீராவியும். சவ்வு வேலை செய்ய அழுத்தம் வேண்டும். வீட்டுக் கலத்தில் இருப்பதோ நீர்மட்டக் கணக்கில் சில சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரைதான். இரண்டு மாட்டுச் சாணத்தில் நாளுக்கு ஒரு கன மீட்டரை ஒட்டிக் கிடைக்கும் வாயுவுக்காகக் கம்ப்ரஸர் ஓட்டுவது கட்டுப்படியாகாது. சவ்வு இல்லாமல் ஜியோலைட்டைத் தூளாகவும் பயன்படுத்தலாம்; அரிசி ஆலைகளின் உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா என்பதால் அதிலிருந்து அந்தத் தூளைச் செய்யலாம். ஆக்சிஜன் செறிவூட்டிகளில் உள்ளதுபோல் மணிகளாக நிரப்பினால் படிகங்களுக்கு இடையிலான இடைவெளி ஒரு குறையே அல்ல. ஆனால் அடுப்பெரிக்க அதுவும் தேவையில்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு அடுப்பை அரிக்காமல் இருக்க, வாயுக்குழாயில் துருப்பிடித்த இரும்புத் தூள் அடைத்த ஒரு புட்டியை இணைத்து, தூள் கறுத்ததும் மாற்றிக்கொண்டிருங்கள்.