போதகர் சொன்னாலும் அக்காவைத் திரும்ப அனுப்பாதீர்கள்

அக்காவைக் கணவர் வீட்டுக்கு இப்போது அனுப்ப வேண்டாம். கணவர் அடிக்கிறார், அவருக்கு எச்ஐவி இருக்கிறது, போதகரோ "ஜெபித்துப் பொறுத்துக்கொள்" என்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். அடிக்கிறவரிடம் ஆணுறை போடச் சொல்ல எந்தப் பெண்ணால் முடியும்? அடியும் தொற்றும் இங்கே ஒரே ஆபத்துதான்.

முதலில் பரிசோதனை. கடைசி உறவு நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் இன்றே அரசு மருத்துவமனைக்குப் போய், தொற்றைத் தடுக்கும் 28 நாள் மாத்திரையைக் கேளுங்கள். நேரம் தாண்டியிருந்தால், நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்ஐவி பரிசோதனை மையம்) இலவசமாக ரத்தம் பார்ப்பார்கள். 3 மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

போதகருக்குக் கெட்ட எண்ணம் இருக்காது. குடும்பம் பிரியாமல் பார்ப்பதே தன் ஊழியம் என்று பழகியிருப்பார். தனியாகச் சந்தித்து, "அங்கே அவளுக்கு யார் பாதுகாப்பு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால், சபையில் நம்பிக்கையான மூத்த பெண் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: கணவரையும் அக்காவையும் சேர்த்து உட்காரவைத்துப் பேச ஒத்துக்கொள்ளாதீர்கள். அங்கே வாய் திறந்ததற்கு வீட்டில் அடி விழும். அப்புறம், எச்ஐவி விஷயம் ஜெபக் குறிப்பாகக்கூட சபையில் வரக்கூடாது. நம்பிச் சொன்னதைச் சம்மதமில்லாமல் வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டு எச்ஐவி சட்டம் தடுக்கிறது.