மணகோலத்துக்குப் பாகு, ஜல்லிக்குப் பால் கவர்

கேள்வி: எங்கள் தெருவுக்கு பிளாஸ்டிக் சாலை வருகிறதாம், வீட்டில் சேரும் கவர்களைச் சேர்த்து வையுங்கள் என்கிறார்கள். நம்மூர் வெயிலுக்கு அது உருகாதா? எதையெல்லாம் கொடுக்கலாம்?
– ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

பதில் (ஓய்வுபெற்ற சாலை ஓவர்சியர், காரைக்குடி): உருகாது ஆச்சி. வெறும் தாரே 50 டிகிரிவாக்கில் இளக ஆரம்பித்துவிடும். பால் கவர் இளக அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சூடு வேண்டும்.

வேலை எப்படி நடக்கிறது என்றால், நீங்கள் மணகோலப் பலகாரத்துக்குப் பாகு ஊற்றிக் கிளறுவீர்களே, அதேதான். ஜல்லியை 170 டிகிரி வரை சூடாக்கி, பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கை மேலே தூவினால் அரை நிமிடத்தில் ஒவ்வொரு கல்லிலும் மெழுகு பூசினாற்போல் படிந்துவிடும். அதன் பிறகுதான் தார். கல்லின் நுண்துளைகள் அடைபட்டுவிடுவதால் ஐப்பசி மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது. தாரும் கல்லை விடாது. தாரில் பத்தில் ஒரு பங்கு வரை மிச்சம். இதைக் கண்டுபிடித்தவர் நம் பக்கத்து ஊர்க்காரர்தான்: மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன். 2018இல் பத்மஸ்ரீ வாங்கினார்.

சரி, எதைக் கொடுப்பது? பால் கவர், எண்ணெய்க் கவர், பலகாரம் கட்டிவரும் பை. (ஓலைக் கொட்டானில் பலகாரம் வந்த காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது!) கழுவிக் காயவைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஒருமுறை எங்கள் தார் பிளான்டுக்கு வந்த சாக்கைப் பிரித்தால் புளித்த மோர் வாடை. ஈரத்தில் எல்லாம் கட்டியாகிக் கிடந்தது. நறுக்கும் இயந்திரம் திணறியது. அன்று போட்ட வேலை பாதியில் நின்றதுதான் மிச்சம். பால் கவரின் மூலையைத் தனியாக வெட்டிப் போடாதீர்கள், கீறிவிட்டு அதோடேயே விடுங்கள். அந்தத் துணுக்கை யாரும் பொறுக்குவதில்லை, வாய்க்காலுக்குத்தான் போகிறது.

பிவிசி மட்டும் கூடவே கூடாது. பழைய குழாய், ஃபிளெக்ஸ் பேனர் எல்லாம் அந்த ரகம். சூட்டில் குளோரின் கலந்த விஷப்புகை கிளம்பும், பிளான்டில் நிற்கிறவர்கள்தான் அதை மூச்சில் வாங்க வேண்டும். சந்தேகம் வந்தால் சின்னத் துண்டாக நறுக்கித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள்: பால் கவர் மேலே வந்துவிடும், பிவிசி அடியிலேயே கிடக்கும். பேரன் காதணி விழா பேனரை விறகு நனையாமல் மூடி வையுங்கள் ஆச்சி, சாக்கில் போட்டுவிடாதீர்கள்.