பெஞ்ச் பிரஸ் செய்தால் தோள் உச்சியில் வலி: இது சுளுக்கா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் செம்பனைக் குலை அறுக்கிறேன், மாலையில் ஜிம். மூன்று மாதமாகப் பெஞ்ச் பிரஸ் செய்தால் இடது தோள் உச்சியில் வலி. இரண்டு தடவை சுளுக்கு எடுத்தும் போகவில்லை.

பதில்: முதலில் சுளுக்கு எடுப்பதை நிறுத்துங்கள். காறை எலும்பைக் கழுத்தடியிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வெளிப்பக்கம் போங்கள். அது முடிகிற இடத்தில் சின்ன மேடு தட்டும். தோள்பட்டை எலும்போடு அது சேரும் மூட்டு அங்கேதான் இருக்கிறது. அழுத்தினால் சுருக்கென்று வலித்து, இடது கையை வலது தோளுக்குக் கொண்டுபோகும்போதும் அதே புள்ளி வலித்தால், அந்த மூட்டின் மேல்தான் சந்தேகம்.

பெஞ்ச் பிரஸில் மல்லாந்து படுத்து எடைக் கம்பியை (பார்) நெஞ்சுவரை இறக்கும்போது முழங்கை உடம்புக்குப் பின்னால் இறங்கிவிடும். பாரம் காறை எலும்பின் நுனியில் விழும். நேற்றைய தேய்மானம் ஆறுவதற்குள் இன்றைய பாரமும் சேர்ந்தால் நுனி கரையத் தொடங்கும். 1982-இல் காஹில் என்ற மருத்துவர் இப்படிப்பட்ட 46 விளையாட்டு வீரர்களைப் பற்றி எழுதினார். அவர்களில் 45 பேர் எடைப் பயிற்சி செய்தவர்கள். உங்களுக்குப் பகலெல்லாம் அண்ணாந்து அரிவாள் கம்பு பிடிக்கும் வேலை வேறு. அந்த மூட்டுக்கு ஓய்வே இல்லை.

டிப்ஸை (இரண்டு கம்பிகளில் கை ஊன்றி உடம்பை இறக்கி ஏற்றும் பயிற்சி) அடியோடு விடுங்கள். பெஞ்சுக்குப் பதில் தரையில் படுத்து பிரஸ் செய்யுங்கள், முழங்கை தரையில் முட்டியதும் தானாக நின்றுவிடும். பெஞ்ச்தான் வேண்டுமென்றால் துண்டைச் சுருட்டி நெஞ்சில் வைத்து, பாரை 5 செ.மீ. மேலேயே நிறுத்துங்கள். கைப்பிடி தோள் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் போகக்கூடாது. எடையைப் பாதியாக்குங்கள், மறுநாள் காலை வலி கூடியிருந்தால் இன்னும் குறையுங்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்காதீர்கள். பலர் கோட்டை விடுவது இரண்டாம் வாரத்தில்: வலி அடங்கியதும் பழைய எடைக்குத் தாவிவிடுவார்கள். எலும்பு ஆற மாதக்கணக்காகும்.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்), போய்க் காட்டுங்கள். எக்ஸ்ரே எடுத்தால் காறை எலும்பு நுனி மூட்டு என்று குறிப்பாகக் கேளுங்கள். எக்ஸ்ரே கதிரை 10 முதல் 15 பாகை மேல்நோக்கிச் சாய்த்து எடுத்தால் அந்த மூட்டு தெளிவாகத் தெரியும். ஆரம்பத்தில் படம் சுத்தமாக இருக்கலாம், அதை வைத்து ஒன்றுமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஸ்டீராய்டு ஊசி வலியைக் கொஞ்ச நாள் அடக்கும், காரணத்தைத் தீர்க்காது. மாதங்கள் கடந்தும் தீராதவர்களுக்கு எலும்பு நுனியில் கிட்டத்தட்ட 1 செ.மீ. வரை வெட்டியெடுக்கும் அறுவை சிகிச்சை உண்டு.

மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தோள் அடிபட்டு அந்த மேடு திடீரெனத் துருத்தியிருந்தால் கதை வேறு. அது தசைநார் கிழிசலாக இருக்கலாம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.