200 லிட்டர் கடல்நீர் மீன்தொட்டியில், பாறை முழுக்க விரல் நீளத்துக்குப் பச்சைப் பாசி, அடங்கவே மாட்டேன் என்கிறது. பாசிக்கு உரமாகிற பாஸ்பேட்டைச் சோதித்தால் பூஜ்யம் காட்டுகிறது. இது எப்படி, என்ன செய்யலாம்?

உங்கள் கிட் சரியாகத்தான் காட்டுகிறது. அது அளப்பது தண்ணீரை மட்டும்தான். 200 லிட்டர் தொட்டி, பாறை முழுக்க விரல் நீளத்துக்குப் பாசி என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட தொட்டியில் மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வருகிற பாஸ்பேட்டைப் பாசி உடனுக்குடன் இழுத்துக்கொள்ளும். சோதனைக் குப்பியில் நீங்கள் பிடிக்கிற தண்ணீரில் மிச்சமே இருக்காது. பாறைமேல் பச்சையாக நிற்கிறதே, அதற்குள்தான் இருக்கிறது உங்கள் பாஸ்பேட்.

அதனால் முதல் வைத்தியம் கை வைத்தியம். பாசியைப் பிடுங்கி வெளியே போடுங்கள். ஒவ்வொரு பிடியோடும் அது சேர்த்துவைத்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் தொட்டியை விட்டுப் போகிறது. பாசிக்கொல்லி மருந்து ஊற்றினால் பாசி சாகும், ஆனால் அங்கேயே அழுகி, தின்றதையெல்லாம் திரும்பத் தண்ணீரிலேயே விடும். அழுகும்போது ஆக்ஸிஜனும் குறையும். இரண்டு வாரத்தில் மறுபடி பாசி வந்து நிற்கும். இந்த பாட்டில்களுக்குக் கொடுக்கிற காசை நல்ல தண்ணீருக்குச் செலவழியுங்கள் என்றுதான் யார் கேட்டாலும் சொல்வேன்.

பிடுங்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. தண்ணீர் மாற்றுகிற நாளில் செய்யுங்கள். பவர்ஹெட்டை (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) நிறுத்திவிட்டு, மெல்லிய குழாயின் வாயை விரல்களோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பாசியை வேரடியில் கிள்ளக் கிள்ளக் குழாய் உறிஞ்சிக்கொள்ளும்படி செய்ய வேண்டும். வெளியே எடுக்க முடிந்த பாறையை, தொட்டியிலிருந்து எடுத்த அதே உப்புத் தண்ணீர் உள்ள பக்கெட்டில் வைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். தொட்டிக்குள்ளேயே தேய்த்தால் இழைகள் துண்டு துண்டாகப் பறந்து அடுத்த பாறையில் ஒட்டி முளைக்கும். தேய்த்தும் போகாத இடத்தில், பாறை வெளியே இருக்கும்போதே 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவிச் சில நிமிடம் விட்டு, உப்புத் தண்ணீரில் அலசித் திரும்ப வைக்கலாம்.

ஆனால் இதெல்லாம் வளர்ந்திருப்பது இழைப் பாசிதான் என்று உறுதியானால் மட்டும். புதுத் தொட்டியில் மணல்மேல் பழுப்புத் தூளாகப் படிவது டயட்டம். அது வளரத் தேவையான சிலிகேட் என்ற தாது தண்ணீரில் தீர்ந்ததும் தானாக அடங்கிவிடும், கை வைக்கவே வேண்டாம். கருஞ்சிவப்பாக, பிடித்து இழுத்தால் ஏடு ஏடாக உரிந்து வருவது சயனோபாக்டீரியா. அது பாசியே கிடையாது, பாக்டீரியா. நீரோட்டம் குறைந்த மூலைகளில் படரும். பச்சைக் கோலிக்குண்டு போல இருந்தால் வலோனியா. ஒவ்வொரு உருண்டையும் ஒரே ஒரு செல் என்றால் நம்ப மாட்டீர்கள். உடைக்காமல் முழுசாகக் கழற்றி எடுங்கள்.

மிகவும் கவனிக்க வேண்டியது டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச் செல் உயிர். பழுப்பு நிறத்தில் சளி மாதிரி நூல் நூலாகத் தொங்கும், நுனியில் காற்றுக் குமிழ் இருக்கும். காலையில் மணல் சுத்தமாகத் தெரியும், மதியத்துக்குள் மூடிவிடும். பெரும்பாலும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிஜமாகவே பூஜ்யமாகிவிட்ட தொட்டியில்தான் இது வரும். பாசிக்குப் பயந்து பாஸ்பேட் உறிஞ்சியைக் கொட்டிக் கொட்டித் தண்ணீரைப் பட்டினி போட்டவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கிற சாதாரண மைக்ராஸ்கோப் போதும், ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். கண்ணீர்த்துளி வடிவத்தில், ஒரு முனையில் கட்டிப்போட்டது போல அந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தால் அது ஆஸ்ட்ரியாப்சிஸ். நஞ்சுள்ளது, நத்தைகள் செத்து விழும். அங்கே வைத்தியம் தலைகீழ்: உறிஞ்சியை எடுத்துவிட்டு, நைட்ரேட், பாஸ்பேட் என்ற சத்து கொஞ்சம் ஏறவிட வேண்டும். எந்தத் தொட்டியிலும் பூஜ்யத்தைக் குறி வைக்காதீர்கள். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் இருந்தால் போதும்.

சரி, சத்து எங்கிருந்து வருகிறது? எல்லோரும் தீனியைத்தான் சொல்வார்கள். அதுவும் உண்மைதான், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்கு மேல் போட வேண்டாம். விளக்கை 8 மணி நேரத்தோடு நிறுத்துங்கள். ஆனால் நம் ஊரில் பெரிய சந்தேகம் எனக்கு டாப்-அப் தண்ணீர்மேல்தான், அதாவது ஆவியானதை ஈடுகட்ட ஊற்றுகிற தண்ணீர். கோடையில் ஃபேன் வைத்துக் குளிர்விக்கிற உங்கள் தொட்டியில் தினமும் 4 லிட்டர் ஆவியாகிறது என்று வையுங்கள். 50 நாளில் 200 லிட்டர், அதாவது ஒரு முழுத் தொட்டித் தண்ணீரை ஊற்றியிருப்பீர்கள். தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும். அதில் கரைந்து வந்த சிலிகேட், நைட்ரேட், பாஸ்பேட் எல்லாம் தொட்டியிலேயே தங்கும்.

வீட்டில் குடிக்கிற ஆர்ஓ தண்ணீரைத்தானே ஊற்றுகிறோம் என்பீர்கள். பல வீட்டு ஆர்ஓ மெஷின்களில் ருசிக்காக வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுகிற டிடிஎஸ் கன்ட்ரோலர் இருக்கிறது, மினரல் கார்ட்ரிட்ஜும் இருக்கிறது. அதில் டிடிஎஸ் மீட்டரை (கரைந்த உப்புகளை அளப்பது) வைத்தால் 50, 80 என்று காட்டும். குடிக்க நல்லது, தொட்டிக்கு ஆகாது. ஆர்ஓ மெஷினின் வடிகட்டும் மெம்ப்ரேனிலிருந்து நேராக ஒரு லைன் எடுத்து, மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்கிற டிஐ ரெசின் வழியாக விட்டால் மீட்டர் 0 காட்டும். உப்பு கலக்கவும் டாப்-அப்புக்கும் அந்தத் தண்ணீர்தான். மீட்டரில் 1, 2 ஏறத் தொடங்கியதும் ரெசினை மாற்றிவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் சில மாதம் பாசி வரும், மனம் தளர வேண்டாம். சுண்ணாம்புப் பாறை பாஸ்பேட்டைப் பிடித்துவைத்திருக்கும். தண்ணீரில் குறையக் குறையப் பாறை கொஞ்சம் கொஞ்சமாக விடும். பாறை காலியாகிற வரை பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நத்தைகள் உதவும், ஆனால் அவை மேய்வது குட்டைப் பாசியை. நீண்டு தொங்குவதைப் பெரும்பாலும் தொடாது. அதனால் முதலில் கையால் எடுங்கள், அப்புறம் டர்போ, ட்ரோகஸ் நத்தைகளை விடுங்கள். நீண்ட இழையையும் தின்கிற மீன் ஃபாக்ஸ்ஃபேஸ். நம் மீனவர்கள் ஓரா என்று சொல்கிற இனத்தைச் சேர்ந்தது. முள்ளில் விஷம் உண்டு, கை வைக்கும்போது கவனம். ஆனால் உங்கள் 200 லிட்டருக்கு அது பெரிய மீன், வாங்காதீர்கள்.

சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கிற துணைத் தொட்டி) வைத்திருந்தால் அதில் கீட்டோ பாசியை வேண்டுமென்றே வளர்த்து, இரவில் விளக்குப் போட்டு, மாதா மாதம் அறுத்து எடுக்கலாம். மேலே செய்கிற அதே வேலை, பாறையில் நடக்காமல் கீழே நடக்கும். கடையில் காலர்பா என்ற பாசியைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மத்தியதரைக் கடலில் 1984-ல் மொனாக்கோ கடல் அருங்காட்சியகத்துக்கு அடியில் காலர்பா டாக்ஸிஃபோலியாவின் மீன்தொட்டி வகை ஒரு சிறு திட்டாகக் கண்டுபிடிக்கப்பட்டது, பிறகு கடற்கரை கடற்கரையாகப் பரவியது. 2000-ல் கலிபோர்னியாவில் அதே பாசி தென்பட்டபோது, தார்ப்பாயால் மூடிக் குளோரின் செலுத்தி, முற்றிலும் ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆகிவிட்டது. நீங்கள் பிடுங்குகிற பாசி எதுவாக இருந்தாலும் கடலிலோ சாக்கடையிலோ போடாதீர்கள். மொட்டை மாடி வெயிலில் மொறுமொறு என்று காயவிட்டு, குப்பையில் போடுங்கள்.